வீரப் படமும் விஞ்ஞானக் கதையும்

சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி மாவட்டத்தின் தென்மேற்கே, சிங்கராஜ வனத்தை அடுத்து அமைந்திருக்கிறது கலவானப் பகுதி. மழை வளம் மிக்க மண் அது. ஒரு குன்றிலே தேயிலை, மறு குன்றிலே இறப்பர், இடையிடையே தோட்டத் தொழிலாளரின் லயங்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் களைத்தவர்கள் மாலை வேளையில் நாடும் பொழுதுபோக்குகளுள் திரைப்படத்துக்குத் தனி இடம் உண்டு. பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவதும் வாதிடுவதும் படம் பார்ப்பதற்கு நிகரான இன்பம் என்பதை நேயர்கள் நன்கறிவர்.

அத்தகைய வாதங்களில் பெரும்பாலும் இரண்டு கட்சிகள் தோன்றும். சண்டையும் சாகசமும் நிறைந்த வீரப் படங்களே படங்கள் என்பது ஒரு கட்சி. விண்வெளியையும் இயந்திர மனிதனையும் வருங்காலத்தையும் காட்டும் விஞ்ஞானத் தொடர்களைத் தொலைக்காட்சியிலே பார்த்துப் பழகியவர்களின் கட்சி மற்றொன்று. முன்னவர் பின்னவரை, "நடக்க முடியாத கதையை நம்புகிறவர்கள்" என்று கேலி செய்வர். பின்னவரோ, "ஒரே ஆள் நாற்பது பேரை அடித்து வீழ்த்துவது மட்டும் நடக்கக்கூடியதோ?" என்று திருப்பிக் கேட்பர். அவரவர் ருசி அவரவர்க்கு என்று சொல்லி இவ்வழக்கைத் தள்ளிவிடலாம். ஆயினும், அபிப்பிராயம் என்பது ருசியோடு முடிந்துவிடுவதில்லை. உணவைச் சுவைத்தபின், இதைச் சமைத்தவர் யார், பந்தியிலே யாருக்கு இலை போடப்படவில்லை என்று கேட்பவனுடைய அபிப்பிராயத்துக்கு மதிப்பு அதிகம். இவ்விரு வகைக் கதைகளையும் அந்தக் கேள்வியைக் கொண்டு அளந்து பார்ப்பதற்குச் சப்ரகமுவ மிகவும் பொருத்தமான இடம். அதன் காரணம் போகப் போக விளங்கும்.

முதலில் வீரப் படத்தை எடுத்துக்கொள்ளலாம். பேச்சைக் காட்டிலும் செயலே கதையை நடத்திச் செல்லும் படம் அது. துரத்தலும் தப்புதலும் வாட்போரும் குதிரைப் பாய்ச்சலும் அதன் இலக்கணம். பேசாப் பட காலத்திலேயே இவ்வகை வேரூன்றிவிட்டது. குத்துச் சண்டைக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை அன்றோ? இந்தியாவிலே 1935ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹண்டர்வாலி' என்னும் இந்திப் படத்தில், நாடியா என்னும் நடிகை சவுக்கேந்திய வீராங்கனையாகத் தோன்றிப் பெரும் புகழ் பெற்றார். தமிழிலே 1950இல் 'மந்திரி குமாரி', 1951இல் 'மர்மயோகி', 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1958இல் 'நாடோடி மன்னன்' என்று வாட்போர்ப் படங்கள் வரிசையாக வந்தன. இந்நான்கிலும் நாயகராக நடித்த எம். ஜி. இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டில் இலங்கையின் மலைநாட்டிலே பிறந்தவர் என்பது இங்குள்ள மக்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி அளித்த செய்தி.

இப்படங்கள் உழைக்கும் மக்களின் உள்ளத்தைக் கவர்ந்ததற்குச் சண்டையின் வேகம் மட்டும் காரணமாகாது. பகலிலே பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது குனிந்து நிற்பவன், இரவிலே திரையில் ஓர் ஏழை இளைஞன் கொடுங்கோலனின் மார்புக்கு நேரே வாளை நீட்டி நிற்பதைக் காண்கிறான். தன்னால் பேச முடியாத ஒன்றைத் தனக்காக ஒருவன் செய்து காட்டுகிறான் என்னும் ஆறுதல் அவனுக்குக் கிடைக்கிறது. வீரப் படம் வெறும் மயக்க மருந்து என்று பழிப்பவர்கள் இந்த ஆறுதலின் நியாயத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆனால் அந்த வீரம் எவ்வாறு உண்டாக்கப்படுகிறது? திரையிலே விழும் குத்து முகத்தில் படுவதில்லை. கைக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள வெளி தெரியாதபடி படக்கருவியை ஒரு பக்கமாக நிறுத்துவார்கள். ஓசையைப் பின்னர் சேர்ப்பார்கள். மாடியிலிருந்து குதிப்பதை மூன்று துண்டுகளாகப் படம் பிடித்து ஒட்டுவார்கள். முதல் துண்டிலும் மூன்றாம் துண்டிலும் நாயகரின் முகம் தெரியும். நடுத் துண்டில், காற்றிலே பறப்பவர் பெரும்பாலும் வேறொருவர். அவர் முகம் தெரியாமல் இருப்பதே அவருடைய தொழிலின் திறமை. எலும்பு முறிவதும் சில வேளைகளில் உயிர் போவதும் அவருக்கு, கைதட்டல் நாயகருக்கு. இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்புக்கென ஒரு பரிசு 2017ஆம் ஆண்டிலேதான் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஒஸ்கார் விருதுகளில் அத்தகைய பரிசு 2028ஆம் ஆண்டு விழாவிலிருந்து வழங்கப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. ஒஸ்கார் விழாக்கள் 1929இல் தொடங்கியவை. விழுந்து எழுந்த மனிதரைக் கண்டுகொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டிருக்கிறது.

இது முகம் மறைக்கப்பட்ட ஒருவரின் கதை. முகம் மறைக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் கதையும் உண்டு. அதை அறியக் கலவானவுக்கு வடக்கே, இதே சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே களனி கங்கைக் கரையில் கித்துல்கல என்னும் சிற்றூர் இருக்கிறது. உலகத்தின் பெயர் பெற்ற வீரப் படங்களுள் ஒன்றாகிய 'குவாய் நதிப் பாலம்' அங்கேதான் படமாக்கப்பட்டது. சாம் ஸ்பீகல் தயாரிக்க, டேவிட் லீன் இயக்கிய ஆங்கிலப் படம் அது. இரண்டாம் உலகப் போரிலே ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படை அதிகாரி ஒருவர், சயாம் நாட்டுக் காட்டிலே பகைவருக்காக ஓர் இரயில் பாலம் கட்ட நேர்கிறது. கட்டக் கட்ட அந்தப் பாலத்தின் மீதே அவருக்குப் பெருமை பிறந்துவிடுகிறது. மறுபுறம், அப்பாலத்தைத் தகர்க்க ஒரு சிறு படை காட்டின் வழியே வருகிறது. கட்டுபவனின் கர்வமும் தகர்ப்பவனின் கடமையும் மோதுவதே கதை.

படப்பிடிப்பு 1956, 1957ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. சிறிய மாதிரிப் பாலம் ஒன்றைச் செய்து கண்ணை ஏமாற்றும் வழியை விட்டு, ஆற்றின் குறுக்கே பெரிய மரப் பாலம் ஒன்றையே கட்டினார்கள். மரங்களை இழுக்க யானைகள் பயன்பட்டன. 1957 மார்ச் மாதம் பாலத்தை வெடி வைத்துத் தகர்க்கும் நாள் வந்தது. பல இடங்களில் படக்கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டதாக விளக்குச் சமிக்ஞை தரவேண்டும். ஒருவரிடமிருந்து சமிக்ஞை வரவில்லை. உயிர்ச் சேதத்துக்கு அஞ்சி வெடியை நிறுத்திவிட்டார்கள். ஆள் இல்லாமல் ஓடிய இரயில் பாலத்தைக் கடந்து அப்பால் போய் மோதி நின்றது. அதை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றிப் பின்னர் வெடித்தார்கள். பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவும் அக்காட்சியைக் காண வந்திருந்தார். படம் 1957இல் வெளியாகி, சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த நடிப்பு உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. பாலத்தின் கொங்கிறீட் அடித்தளங்களைக் கித்துல்கல ஆற்றங்கரையில் இன்றும் காணலாம்.

ஒரு படக்கருவியாளர் பத்திரமாக இருக்கிறாரா என்று தெரியாத காரணத்தால் பெரும் பொருட்செலவில் அமைத்த காட்சியையே நிறுத்தினார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் உண்மையான இரயில் பாதையைப் போட்டவர்களின் உயிரை எவரும் அவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை.

உண்மைப் பாதையின் வரலாறு இது. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீற்றர் நீளமான இரயில் பாதையை ஜப்பானிய இராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. மலையும் காடும் ஆறும் நிறைந்த அப்பாதையிலே நேச நாடுகளின் போர்க் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். இக்கணக்கு உலகம் அறிந்தது. ஆனால் கைதிகளைவிடப் பன்மடங்கு அதிகமாக அங்கே உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவா நாட்டவர் ஆகியோருடன், மலாயாவின் இறப்பர்த் தோட்டத் தமிழர்களும் பெருந்தொகையாக இருந்தனர். மலாயாவிலிருந்து மட்டும் கொண்டுசெல்லப்பட்டோர் 70,000க்கு மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். ஆசியத் தொழிலாளர்களுள் இறந்தவர்களுக்கு முறையான பதிவேடு இல்லை. 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

இம்மக்கள் சப்ரகமுவத் தோட்டத் தமிழருக்கு அந்நியர் அல்லர். திருச்சி, தஞ்சை, சேலம், இராமநாதபுரம் என்று அதே மாவட்டங்களிலிருந்து, அதே கங்காணி முறையிலே கப்பலேறிய உறவினர்கள் அவர்கள். அண்ணன் இலங்கைக்கும் தம்பி மலாயாவுக்கும் போன குடும்பங்கள் உண்டு. தம்பியின் தலையெழுத்து எவ்வாறு ஆயிற்று? போர்க் கைதிகளுக்கு அவர்களுடைய இராணுவ மருத்துவர்களும் அதிகாரிகளும் கூடவே இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்கவும் நோயாளியைப் பிரித்து வைக்கவும் கட்டுப்பாடு இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கோ மருத்துவரும் இல்லை, தலைவரும் இல்லை. வாந்திபேதி பரவியபோது முகாம்கள் முழுமையாகவே அழிந்தன.

அவர்கள் எப்படி அங்கே சென்றார்கள் என்பதில் ஒரு செய்தி உண்டு. திரைப்படத்தைப் பற்றிப் பேசும் எவரும் அதை மறந்துவிடலாகாது. தொடக்கத்தில் நல்ல கூலியும் உணவும் தருவதாகவும் சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றும் சொல்லி ஆள் சேர்த்தனர். போனவர்கள் திரும்பாத செய்தி பரவியதும் எவரும் முன்வரவில்லை. அதன் பின்னர் வலுவிலே பிடிக்கத் தொடங்கினர். இலவசமாகச் சினிமாக் காட்டப்படும் என்று அறிவித்து, மக்கள் கூடியதும் கதவுகளைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை இரயிலேற்றி அனுப்பிய சம்பவங்களைப் போருக்குப் பின் எழுந்த வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. படம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. பதினான்கு ஆண்டுகளின் பின் அந்தப் பாதையைப் பற்றியே ஒரு படம் வந்தது. அதன் கதையிலே அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

இப்படத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. இயக்குநர் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். அது வரலாற்று நூல் அன்று. ஓர் அதிகாரியின் கர்வத்தை ஆராயும் கதை. பியேர் பூல் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் வெளியிட்ட நாவலைத் தழுவியது. அந்நாவலிலே பாலம் தகர்வதே இல்லை, படத்திலே தகர்கிறது. கதைக்கு வேண்டியதைக் கூட்டவும் குறைக்கவும் கலைஞனுக்கு உரிமை உண்டு. ஆனால் குறைத்ததால் ஏற்பட்ட பயன் யாருக்கு, இழப்பு யாருக்கு என்று கேட்கப் பார்ப்பவனுக்கும் உரிமை உண்டு. உண்மையிலே அப்பாலத்தின் கைதிகளுக்குத் தலைமை தாங்கியவர் பிலிப் டூசி என்னும் அதிகாரி. அவர் பகைவருக்கு மனமுவந்து உதவியவர் அல்லர் என்று அவரிடம் பணியாற்றிய முன்னாள் கைதிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர்; அவ்வெதிர்ப்பு நூல்களிலும் ஏறியது. தம்மைக் காட்டவே இல்லை என்று முறையிடத் தோட்டத் தமிழருக்கு எந்தப் பத்திரிகையும் வாய்க்கவில்லை. கித்துல்கலவில் படக்குழு பாலம் கட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில், சுற்றியுள்ள தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்து நின்றனர் என்பதையும் இங்கே நினைத்தல் தகும்.

பெயர் விடுபட்ட கதை இன்னொன்றும் இப்படத்துக்கு உண்டு. திரைக்கதையை எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கல் வில்சன் என்னும் இருவர். அரசியல் காரணமாக அவ்விருவரும் அமெரிக்கத் திரையுலகின் தடைப்பட்டியலில் இருந்ததால், நாவலாசிரியர் பூல் பெயரே திரையில் போடப்பட்டது. ஒஸ்கார் விருதும் அவருக்கே வழங்கப்பட்டது. தவறு 1984இல் திருத்தப்பட்டு, இருவர் பெயருக்கும் விருது உரித்தாக்கப்பட்டது. அப்போது இருவருமே உயிரோடில்லை. காலம் கடந்தாயினும் பெயரைத் திருத்தலாம் என்பதற்கு இது சான்று.

இந்தப் பியேர் பூல்தான் வீரப் படக் கட்சியையும் விஞ்ஞானக் கதைக் கட்சியையும் இணைக்கும் பாலம். அவர் 1936இல் மலாயாவுக்கு வந்து இறப்பர்த் தோட்டத்திலே தொழில் பார்த்தவர். போர்க்காலத்தில் பிரெஞ்சு இந்தோசீனாவிலே பிடிபட்டுச் சிறையில் கிடந்தார். அவர் 1963இல் எழுதிய மற்றொரு நாவல் 'மனிதக் குரங்குகளின் கிரகம்'. அங்கே குரங்குகள் ஆளுகின்றன. மனிதர்கள் கூண்டில் அடைபடுகின்றனர். ஆண்டவன் அடிமையானால் எப்படி இருக்கும் என்னும் கேள்வியே அதன் உயிர். தோட்டத்தில் மேலாளாகவும் சிறையில் கைதியாகவும் வாழ்ந்த ஒருவருக்கு இக்கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. 1968இல் அது திரைப்படமாயிற்று. திரைக்கதையில் பங்குகொண்டவர்களுள் ஒருவர் அதே மைக்கல் வில்சன். 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராகவும் வந்தது.

விஞ்ஞானக் கதையின் இலக்கணத்தை இந்த உதாரணமே விளக்கிவிடுகிறது. உலகத்தின் விதிகளுள் ஒன்றை மட்டும் மாற்றிவிட வேண்டும். 'இது இப்படி இருந்தால்?' என்று கேட்க வேண்டும். அதன் பின்னர் வரும் விளைவுகளை ஏமாற்றாமல் கணக்குப் போல வரிசையாகத் தொடர வேண்டும். மந்திரக் கோலால் எதுவும் நடக்கும் கதை வேறு. விஞ்ஞானக் கதை வேறு. மந்திரக் கதையில் கேட்டதெல்லாம் கிடைக்கும். விஞ்ஞானக் கதையில் ஒன்று கிடைத்தால் அதற்கு ஒரு விலை உண்டு.

பெரும் பணம் இல்லாத தொலைக்காட்சிக்கு இவ்வகை மிகவும் ஏற்றது. 1963இல் பிரித்தானியாவில் தொடங்கிய 'டொக்டர் ஹூ' தொடரும், 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரும் இதற்குச் சான்று. 'ஸ்டார் ட்ரெக்' கதையில், விண்கலத்தில் இருப்பவர்கள் ஒளிக்கீற்றாக மறைந்து கிரகத்தின் மேல் தோன்றுவர். விண்கலம் இறங்கும் காட்சியை வாரந்தோறும் எடுக்கப் பணம் போதாமையால் கண்டுபிடிக்கப்பட்ட உபாயம் அது. வறுமை கற்பனைக்குத் தாயாயிற்று. அத்தொடரிலே நிஷெல் நிக்கல்ஸ் என்னும் கறுப்பின நடிகை விண்கலத்தின் செய்தித் தொடர்பு அதிகாரியாக நடித்தார். முதற்பருவம் முடிந்ததும் அவர் விலக எண்ணினார். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, விலக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்பதை நடிகையே பலமுறை கூறியிருக்கிறார். வருங்காலத்தைக் காட்டும் படத்திலே தம் மக்களின் முகம் ஒன்று இருப்பது அத்துணை முக்கியம் என்று அத்தலைவர் கருதினார். வருங்காலத்திலும் இடமில்லை என்று காட்டுவதைவிடக் கொடியது வேறென்ன?

விஞ்ஞானக் கதைக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு இன்னும் நெருக்கமானது. 1956ஆம் ஆண்டிலேயே, ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர் இலங்கையில் குடியேறி, 2008இல் கொழும்பிலே காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் 1945 அக்டோபரில் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செயற்கைத் துணைக்கோள் சுற்றினால், அது பூமியோடு ஒத்து ஒரு நாளில் ஒரு சுற்றை முடிக்கும். கீழிருந்து பார்ப்பவனுக்கு அது வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அவ்வாறு மூன்று கோள்கள் இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அக்கட்டுரையின் சாரம். 1975இல் இந்தியா ஓர் அமெரிக்கத் துணைக்கோளின் உதவியால் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியபோது, அவற்றைப் பெறும் அலைவாங்கி ஒன்றைக் கிளார்க்கின் கொழும்பு இல்லத்திலும் அமைத்துக் கொடுத்தது. இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதோ 1979இல்.

அந்தக் கற்பனை இன்று தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. லயத்துத் தகரக் கூரையின் மேல் கிண்ணம் போன்ற சிறு அலைவாங்கி இருக்கிறதே, அது கிளார்க் சொன்ன அந்த உயரத்தையே நோக்குகிறது. கலவானப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறரைப் பாகை தூரத்தில் மட்டும் இருப்பதால், இங்குள்ள கிண்ணங்கள் வானத்தை மிகவும் அண்ணாந்து பார்க்கின்றன. அவற்றுக்கு வரும் அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர். கனமழைத் துளிகள் இவ்வலைகளை விழுங்கிச் சிதறடித்துவிடும். சிங்கராஜ வனத்தின் பக்கமிருந்து பெருமழை வந்தால், விண்கலம் பறந்துகொண்டிருக்கும் காட்சி சதுரம் சதுரமாகச் சிதறி நின்றுபோவதன் காரணம் இதுவே.

ஆனால் கிளார்க்கின் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அத்துணைக்கோள்களில் மனிதர்கள் குடியிருந்து கருவிகளைப் பராமரிப்பார்கள் என்று அவர் எண்ணினார். இயந்திரங்கள் தாமாகவே இயங்கின. அங்கே மனிதருக்கு வேலை இருக்கவில்லை. விஞ்ஞானக் கதைகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். எந்த இயந்திரம் வரும் என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். அது வந்தபின் யார் எந்த வேலையில் இருப்பார் என்பதிலே தவறிவிடும். அவர் 1979இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் நாவல், பூமிக்கும் விண்ணுக்கும் இடையே ஏணி போன்ற ஒரு பாதை அமைப்பதைப் பற்றியது. இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லையிலே நிற்கும் சிவனொளிபாத மலையை மனத்தில் வைத்தே அக்கதையின் மலையைப் படைத்து, தீவு முழுவதையும் நிலநடுக்கோட்டுக்கு நகர்த்திவிட்டார் ஆசிரியர். பொறியியலாளரின் கனவும் மலையுச்சியில் வாழும் பிக்குகளின் உரிமையும் அங்கே மோதுகின்றன. உயர்ந்த கற்பனைதான். ஆயினும் அம்மலையின் அடிவாரத்தைத் தேயிலையால் மூடிய கைகளைப் பற்றி எழுத இன்னொரு நாவல் வேண்டும்.

தமிழிலே இவ்விரு வகைகளும் ஒன்றாகவே பிறந்தன எனலாம். 1963இல் வந்த 'கலையரசி' படத்தில், வேற்றுக்கிரகத்தார் பறக்கும் தட்டிலே வந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். விஞ்ஞானத்தில் முன்னேறிய அவர்களுக்கு இசை தெரியாது. எம்.ஜி.ஆர். அங்கேயும் சென்று சண்டையிட்டு நாயகியை மீட்கிறார். பின்னர் சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்னும் தொடர்கதையை எழுதினார். அது தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. மக்கள் எண்களால் அறியப்படும் ஒரு வருங்கால ஆட்சியையும், அதை எதிர்க்க உதவும் இயந்திர நாய் ஒன்றையும் அக்கதையில் அவர் படைத்தார். மனிதனுக்குப் பெயர் போய் எண் வருவது தோட்டத் தமிழருக்குப் புதிய கற்பனை அன்று. பெயரோடு தோட்டப் பதிவேட்டு எண்ணும் சேர்ந்தே பழகிய மக்கள் அவர்கள். ஆதலால் அக்கதையின் அச்சம் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

ஆகவே எந்தப் படத்தைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்ல முற்படும் நேயர், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். முதலாவது, இக்கதை தான் வகுத்துக்கொண்ட விதிக்கு உண்மையாக நடந்துகொள்கிறதா? இரண்டாவது, இதிலே ஆபத்தை ஏற்பவர் யார், புகழைப் பெறுபவர் யார்? மூன்றாவது, இக்கதை நடக்கும் இடத்திலே உண்மையில் இருந்தவர்களுள் யார் திரையிலே இல்லை? முதற்கேள்வி கலையைப் பற்றியது. மற்ற இரண்டும் நீதியைப் பற்றியவை. மூன்றிலும் தேறும் படம் அரிது. தேறாத படத்தையும் பார்த்து மகிழலாம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு மகிழலாம்.

திரை மறந்ததை எழுத்து ஓரளவு மீட்டிருக்கிறது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண இரயில்' என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்னும் நாவலையும் அப்பாதையில் மாண்ட தோட்டத் தமிழரைப் பற்றி எழுதினர். சயாமின் காஞ்சனபுரியிலே போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்பட்டு வருகின்றன. தமிழ்த் தொழிலாளர் நினைவாக அதே ஊரில் ஒரு நடுகல், மலேசியத் தமிழரின் முயற்சியால் 2023இல் நாட்டப்பட்டது. பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் கழித்து!

இறந்தகாலத்தில் விடுபட்டவர்களுக்கு நடுகல் நாட்டலாம். வருங்காலத்தில் விடுபடாமல் இருப்பதற்கு வழி என்ன? விஞ்ஞானக் கதையின் இலக்கணத்தைக் கலவானவுக்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரே ஒரு விதியை மாற்றிவிடுவோம்: செங்குத்தான மலைச்சரிவிலும் கொழுந்தைத் தளிர் பார்த்துப் பறிக்கும் இயந்திரம் ஒன்று வந்துவிடுகிறது. பின்னர் என்ன ஆகும்? கூடை சுமந்த முதுகுக்கு ஓய்வு கிடைக்கும், அது நன்மை. ஆனால் தோட்டத்தில் வேலை உள்ளவருக்கே லயத்தில் அறை என்பது நீண்ட கால வழக்கம். வேலை போனால் வீடு யாருடையது? அறைக்கு முன்னால் அவர்கள் நட்ட முருங்கை யாருடையது? இயந்திரத்தின் இலாபத்தில் பங்கு யாருக்கு? இக்கேள்விகளை விடாமல் தொடர்ந்து செல்லும் கதைக்குப் பறக்கும் தட்டு வேண்டுவதில்லை. பெரும் பணமும் வேண்டுவதில்லை. அந்த லயத்திலே பிறந்து, கொழுந்தின் கனத்தையும் மழையின் குணத்தையும் அறிந்த ஒருவர் பேனா எடுத்தால் போதும்.